லூஸ் கான்டாக்ட் அல்ல

செயின்ட் லூயிஸ்,
அக்டோபர் 19

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்கு என் வலது முழங்கால்தான் காரணம் என்றால், முழங்காலால் யாரும் கடிதம் எழுதுவதில்லை என்பாய். மாடிப்படி ஏற முடியவில்லை, எழுதும் மேசை மாடியில் இருந்தது, அவ்வளவுதான். போன ஞாயிறு மகன் வந்து மேசையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுப் போனான். மதினிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று படித்ததில் நிம்மதி. மிக்ஸி பழுதுபார்க்க ஆள் வருவது குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே மிக்ஸி கெட்டால் பழுதுபார்க்கும் பேச்சே கிடையாது, நேரே குப்பைக்குத்தான். உன் கடையை இங்கே வைத்திருந்தால் என்றைக்கோ பட்டினி கிடந்திருப்பாய்.

சரி, பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் அனுப்பிய முதல் பாட்டைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தாய்: "ஆரம்பத்திலேயே லூஸ் கான்டாக்ட், சரியான பிரதியாகப் பார்த்து அனுப்பு." படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். முப்பது வருடமாகக் கர்ரென்று சத்தம் கேட்டால் சால்டரிங் அயர்னை எடுக்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? ஆனால் அந்தப் பிரதியில் ஒரு கோளாறும் இல்லை. அந்த இரைச்சலை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள்.

வில்கோ என்ற குழுவின் 'பீயிங் தேர்' ஆல்பம் அது. 1996 அக்டோபரில் வந்தது. வில்கோ என்றால் என்ன என்று உனக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்: கம்பியில்லாத் தொடர்பில் 'சொன்னபடி செய்கிறேன்' என்பதற்கான சுருக்கச் சொல். நீ கேட்ட 'மிஸ்அண்டர்ஸ்டுட்' என்ற பாட்டில் ஒரு காரியம் செய்தார்கள். ஆளுக்கு ஆள் வாத்தியத்தை மாற்றிக்கொண்டு, பழகாத வாத்தியத்தைக் கையில் எடுத்து வாசித்தார்கள். உன் காதில் லூஸ் கான்டாக்டாக விழுந்தது அந்தத் தடுமாற்றம்தான். அது அடங்கியதும் மெல்லிய குரல் ஒன்று, சொந்த ஊருக்குத் திரும்பி வந்த பையனைப் பற்றிப் பாடுகிறது. முடிவில் மறுபடியும் இரைச்சல். பாடுகிறவர் ஒரே சொல்லைத் தொண்டை வறளும்வரை கத்துகிறார். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. நீ ஒரு நிமிடத்தில் நிறுத்தியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா?

அந்தச் சொந்த ஊர் என் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி இல்லினாய் பக்கம் போனால் பெல்வில். அங்கே பள்ளியில் சேர்ந்து படித்த ஜெஃப் ட்வீடியும் ஜே ஃபாராரும் 'அங்கிள் டுபெலோ' என்று ஒரு குழு நடத்தினார்கள். பங்க் என்ற முரட்டு ராக் இசையின் வேகத்தையும், கன்ட்ரி என்ற பாட்டன் காலத்து அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினார்கள். 1990இல் வந்த அவர்கள் முதல் ஆல்பத்தின் பெயர் 'நோ டிப்ரஷன்'. கார்ட்டர் குடும்பத்தார் என்ற பழைய கன்ட்ரி குழு 1936இல் பதிவு செய்த பாட்டிலிருந்து எடுத்தது. டிப்ரஷன் என்றதும் மனச்சோர்வு என்று நினைத்துவிடாதே, ஊரெல்லாம் வேலையும் கூலியும் இல்லாமல் கிடந்த அந்தப் பெரும் பொருளாதார வீழ்ச்சியைச் சொல்கிறது பாட்டு. பிறகு ஒரு பத்திரிகையே அந்தப் பெயரில் வந்தது. ஆல்ட்-கன்ட்ரிக்கான, அதாவது இந்தக் கலவை இசைக்கான பத்திரிகை என்று அட்டையில் போட்டுவிட்டு, 'அது எதுவாக இருந்தாலும் சரி' என்று பக்கத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். அதைவிட நேர்மையான இலக்கணத்தை நான் பார்த்ததில்லை.

இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1994 மே 1ஆம் தேதி, இதே செயின்ட் லூயிஸில் கடைசிக் கச்சேரி. ஃபாரார் தனியே போய் 'சன் வோல்ட்' தொடங்கினார். மிச்சமிருந்தவர்கள்தான் வில்கோ. இரண்டு பேரும் 1995இல் ஆளுக்கொரு ஆல்பம் போட்டார்கள். பாராட்டெல்லாம் ஃபாரார் பக்கம் போயிற்று. பங்காளிகள் பாகம் பிரிந்து ஆளுக்கொரு கடை போட்டு, தம்பி கடையில் ஈ ஓட்டினால் எப்படி இருக்கும்? ட்வீடிக்கு அப்படி ஒரு வருடம். அந்த வருடக் கடைசியில் முதல் பிள்ளையும் பிறந்தது. இந்த நிலையில் இருப்பவர் அடுத்த ஆல்பத்தை எண்ணெய் தடவி வாரிய தலைமாதிரி கொடுப்பார் என்றுதானே நினைப்போம்? இவர் பத்தொன்பது பாட்டை இரண்டு சிடித் தட்டில் கொண்டுவந்தார்.

மொத்தம் ஏறக்குறைய 77 நிமிடம். இழுத்துப் பிடித்தால் ஒரே தட்டில் அடங்கியிருக்கும். இரண்டு தட்டை ஒரு தட்டின் விலைக்கே விற்க வேண்டும் என்பதற்காகத் தங்களுக்கு வரவேண்டிய ராயல்டியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார்கள். நல்ல வியாபாரி செய்கிற காரியமா இது? ஆனால் சிகாகோ போகும் வழியில் எனக்கு அதன் அருமை தெரிந்தது. என் பழைய காரில் சிடி மட்டும்தான் ஓடும். ஐந்து மணி நேரப் பயணம், இருபுறமும் அறுவடை முடிந்த சோளக்காடு, வானத்தைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை. நாற்பது நிமிடத்துக்குள் ஒரு தட்டு முடிகிறது. வண்டியை ஓரங்கட்டி, முழங்காலை நீட்டி மடக்கி, ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துவிட்டு அடுத்த தட்டைச் செருகினேன். மூன்றாவது பாட்டில் திடுக்கிட்டேன். முதல் தட்டில் கேட்ட அதே பாட்டு! அங்கே ஓட்டமும் அடிதடியுமாக வந்தது இங்கே மணியோசையும் கூட்டுக்குரலுமாக, ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடுகிறது. தட்டை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். 'அவுட்டாசைட்' என்ற பாட்டைத் தலைப்பைப் புரட்டிப் போட்டு இரண்டு தட்டிலும் வைத்திருக்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இரண்டையும் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு பாட்டில் பாஞ்சோ, அடுத்ததில் ஊதுகுழல்கள், இன்னொன்றில் பெடல் ஸ்டீல் என்ற, மேசைபோல வைத்து வாசிக்கிற கிதாரின் கம்பி நீர் சொட்டுவதுபோல இழைகிறது. மூன்று வேறு குழுக்கள் பாடியதுபோல இருக்கிறது என்று நீ இரண்டாவது பாட்டுக்கு எழுதினாயே, அதைக் குற்றமாக எழுதினாய். எனக்கு அதுவே குணம். விருந்தாளி வருகிறார் என்று வீட்டை ஒதுக்கி வைக்காமல், துணி காய்கிற கொடிக்குக் கீழேயே பாயைப் போட்டு உட்காரச் சொல்கிறார்கள். எல்லாமே தங்கம் என்று சொல்லமாட்டேன். 'ஹோட்டல் அரிசோனா'வில் எனக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. 'கிங்பின்' பாதிக்கு மேல் இழுவை. ஆனால் அவற்றை வெட்டியிருந்தால் ஆல்பம் மெருகேறியிருக்கும், நான் பெட்டியை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பேன்.

இதில் உன் ஆள் ஒருவர் இருக்கிறார். ஜே பென்னட். கிதார், பியானோ, ஆர்கன் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வாசித்தவர். வில்கோவில் சேருமுன் விசிஆர் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தார்! திறந்து போட்ட பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பழகியவர் என்பது அவர் வாசிப்பிலேயே தெரிகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. நீ கேட்டுவிட்டுச் சொல். 2001இல் குழுவைவிட்டு வெளியேற்றப்பட்டார். 2009இல் நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார். சிகாகோ போகிற வழியிலிருந்து கிழக்கே திரும்பினால் வரும் அர்பனா என்ற ஊரில். அந்த ஊருக்குத் திரும்பும் இடத்துப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் உன் கடையின் பென்ச்சும், ரெசின் புகை மணமும், மூக்கு நுனிக்கு இறங்கிய உன் கண்ணாடியும் ஞாபகம் வருகின்றன. காரணம் கேட்காதே.

இரண்டு தட்டுகளையும் என் தங்கை மகளிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன், நவம்பர் முதல் வாரம் பாளையங்கோட்டைக்கு வருகிறாள். இந்தமுறை முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்காதே. கடையைச் சாத்திய பிறகு, இரண்டாவது தட்டின் கடைசிப் பாட்டைப் போடு. கிழிந்த குரல், ஃபிடில் ஒரு பக்கம், பியானோ ஒரு பக்கம், எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து வாசிப்பதுபோல ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போகிறது. எந்த இடத்திலாவது டிரை சால்டர் என்று தோன்றினால் எழுது, ஒப்புக்கொள்கிறேன்.

மருத்துவர் அனுமதித்தால் ஜனவரியில் வருவேன். அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை அதற்குள் யாருக்கும் கொடுத்துவிடாதே. யாரோ விலை கேட்டதாக மதினி போனில் சொன்னார்கள்.

அன்புடன்,
சுப்பையா