செயலாளரின் ஆண்டறிக்கை: 2025

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கியையும் அவரே பெயர் சொல்லி வாசிப்பார் என்பதால் யாரும் பாதியில் எழுந்து போக வேண்டாம்.

கண் சிகிச்சை முகாம், நோட்டுப் புத்தகம் வழங்கியது எல்லாம் வழக்கம்போல நடந்தன. இந்த ஆண்டின் பெரிய நிகழ்ச்சி, நம் வடசென்னையின் சர் பிட்டி தியாகராயர் மறைந்து நூறாண்டு ஆனதற்காக ஏப்ரல் 28 அன்று நடத்திய கூட்டம்தான். தி.நகருக்குப் பெயர் கொடுத்தவர், நீதிக்கட்சித் தலைவர் என்பதோடு பலரும் அவரை முடித்துவிடுகிறார்கள். நாங்கள் பேச நினைத்தது தறியும் தோல் வியாபாரமும் நடத்திய ஒரு வணிகர் நகரத்தை எப்படி நடத்தினார் என்பதை.

1882இல் மாநகராட்சி உறுப்பினரானவர் நாற்பது ஆண்டு அங்கேயே இருந்து, கடைசியில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவரும் ஆனார். அப்போது மேயர் என்ற பதவி கிடையாது, பழைய காலத்தில் இருந்த அந்தப் பதவி 1933இல்தான் மீண்டும் வந்தது. வேலை என்னவோ அதே வேலைதான். 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் வந்தது. ஏழைப் பிள்ளைகள், பசியோடு எப்படிப் பள்ளிக்கு வருவார்கள், வராவிட்டால் பள்ளி எப்படி நடக்கும் என்பதுதான் அவர் வாதம். செலவு ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது பாருங்கள், அங்கேதான் கடைக்காரர் தெரிகிறார்! அப்புறம் வேறு சில பள்ளிகளுக்கும் அது போனது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று அரசு சொல்லிவிட, 1925 ஏப்ரலில் நின்றுபோனது. அவர் இறந்ததும் அதே மாதத்தில்.

1920இல் முதலமைச்சர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றவர் அவர். நம் சங்கத்தில் துணைத்தலைவர் நாற்காலிக்கே இரண்டு கூட்டம் வாக்குவாதத்தில் போனதை இங்கே பதிவு செய்கிறேன், பெயர் சொல்லவில்லை.

கூட்டத்துக்குப் பிறகு பிள்ளைகளை ரிப்பன் மாளிகைக்கு அழைத்துப்போய் முன்னால் இருக்கும் அவர் சிலையைக் காட்டினோம். வேன் வாடகையை மூன்று உறுப்பினர்கள் பகிர்ந்துகொண்டார்கள், அவர்களுக்கு நன்றி. அடுத்த ஆண்டு நூலக அறைக்கு மின்விசிறி மாற்ற வேண்டும். நன்கொடை தருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்