"அதான் தினமும் பேக்கப் எடுக்கிறோமே?" என்று கேட்கும் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களை நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மெயில் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். மின்னஞ்சலுக்குத் தனியாக ஓர் ஆர்க்கைவ் (காப்பகம்) வேண்டும் என்று பட்ஜெட் கூட்டத்தில் யாராவது வாய் திறந்தால், உங்களில் ஒருவர் கேட்பது ஒரே கேள்விதான்: "அதான் தினமும் பேக்கப் எடுக்கிறோமே?" அதோடு பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். அந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் சொல்ல நேரம் கிடைக்காத பதிலை இங்கே எழுதுகிறேன்.

பேக்கப் என்பது சர்வர் படுத்துவிட்டால் அதை மறுபடி எழுப்புவதற்கான ஏற்பாடு. இரவு 2 மணிக்கு மெயில்பாக்ஸ்கள் எந்த நிலையில் இருந்தனவோ, அதை அப்படியே பிடித்து வைக்கிறது. காலை 10 மணிக்கு வந்த மெயிலை ஒருவர் 11 மணிக்கு அழித்து, அழித்த தடத்தையும் துடைத்துவிட்டால் அன்றிரவு பேக்கப் எடுக்கும்போது பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. சில சேவைகள் அழித்ததைக் கொஞ்ச நாள் ஒளித்து வைத்திருக்கும். மைக்ரோசாஃப்டின் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இயல்பாக 14 நாள், கூட்டி வைத்தால் 30 நாள். தகராறுகளோ ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துத்தான் வாசலுக்கு வரும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்தது இது. சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்று, விலை உயர்வுக்கு எங்கள் ஆள் மெயிலிலேயே சம்மதம் சொன்னார் என்றது. அந்த ஆள் வேலையை விட்டுப் போய் 14 மாதம் ஆகியிருந்தது. லைசென்ஸ் செலவை மிச்சம் பிடிக்க அவர் கணக்கை அப்போதே நீக்கியிருந்தோம். எங்களிடம் இருந்த பேக்கப் 30 நாள் சுழற்சி, அதற்கு முந்தையது எதுவும் மிஞ்சாது. எதிர்த்தரப்பு ஒரு தாளில் அச்சடித்த மெயிலைக் காட்டியது. அது உண்மையான மெயிலா, நடுவில் ஒரு வரி செருகப்பட்டதா என்று எங்களால் சொல்லவே முடியவில்லை. கடைசியில் அவர்கள் கேட்ட விலையைக் கொடுத்தோம். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை.

பேக்கப் கையில் இருந்தும் தப்பாத கதை உண்டு. நியூயார்க்கில் ஒரு முன்னாள் ஊழியர் யுபிஎஸ் வார்பர்க் வங்கி மீது தொடுத்த சுபுலேக் வழக்கில், பழைய மெயில்கள் பேக்கப் நாடாக்களில்தான் கிடந்தன. முதலில் 5 நாடாக்களை மீட்டுப் பார்த்தார்கள். மீதி 77 நாடாக்களை மீட்டுத் தேட மட்டும் சுமார் 1,66,000 டாலர் ஆகும் என்று 2003இல் கணக்குச் சொன்னார்கள். சில மெயில்களை அழித்துவிட்டிருந்த விஷயமும் பிறகு வெளிவந்தது. 2005இல் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) அந்த ஊழியருக்கு 2.9 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது.

ஆர்க்கைவ் வேலை செய்யும் இடமே வேறு. அது மெயில்பாக்ஸை எட்டிப் பார்ப்பதில்லை; மெயில் சர்வரைக் கடக்கும்போதே ஒரு பிரதியை எடுத்துக்கொள்கிறது. இதற்கு ஜர்னலிங் என்று பெயர். பெறுபவர் கண்ணில் படும் முன்பே பிரதி காப்பகத்துக்குப் போய்விடுவதால், அவர் பிறகு டெலீட் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கவலையில்லை. இன்னொன்று: மெயிலின் மேற்பகுதியில் "பெறுநர்" என்று எழுதியிருப்பதும் உண்மையில் அது யார் யாருக்குப் போனது என்பதும் ஒன்றல்ல. பிசிசியில், அதாவது மற்றவர்களுக்குத் தெரியாத பிரதியில், வைத்தவர்கள் அதில் தெரிய மாட்டார்கள். ஒரு குழு முகவரிக்கு அனுப்பினால், அன்றைய தேதியில் அந்தக் குழுவில் இருந்தவர்கள் யார் என்பதும் தெரியாது. எக்ஸ்சேஞ்ச் போன்ற சர்வர்களின் ஜர்னல் பிரதி இந்த இரண்டையும் சேர்த்தே பதிகிறது. "எனக்கு அந்த மெயில் வரவே இல்லை" என்ற வாக்கியத்துக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

பிரதி உள்ளே வந்ததும் அதற்கு ஷா-256 போன்ற ஹேஷ் கணக்கிடப்படுகிறது. மெயில் இரண்டு வரியாக இருந்தாலும் இருபது எம்பியாக இருந்தாலும் கிடைப்பது 64 எழுத்து கொண்ட ஒரு கைரேகை. உள்ளே ஒரு காற்புள்ளியை மாற்றினால் கைரேகை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். எழுதியதைத் திருத்த முடியாத சேமிப்பில் மெயிலையும் கைரேகையையும் வைத்துவிட்டால், ஐந்து வருடம் கழித்தும் "இதில் யாரும் கை வைக்கவில்லை" என்று காட்டலாம். மேலே சொன்ன அச்சடித்த தாளின் முன் நாங்கள் முழித்துக்கொண்டு நின்றது இது இல்லாததால்தான்.

இடம் மிச்சமாவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. இணைப்புக் கோப்பு மெயிலில் போகும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 பைட்டாக ஊதிக்கொள்ளும். 6 எம்பி கோப்பு 8 எம்பி ஆகும். 200 பேருக்கு அனுப்பினால் 1,600 எம்பி. நல்ல ஆர்க்கைவ் அதை ஒரே பிரதியாக வைத்து 200 குறிப்புகளை மட்டும் எழுதிக்கொள்ளும். எக்ஸ்சேஞ்ச் சர்வர் இந்த வேலையை முன்பு தானே செய்தது, 2010 பதிப்போடு நிறுத்திவிட்டது. மெயில்பாக்ஸ் நிறைந்ததும் ஊழியர்கள் பழைய மெயில்களைத் தங்கள் கணினியில் பிஎஸ்டி கோப்பாக (அவுட்லுக்கின் மெயில் கோப்பு) இறக்கி வைக்கும் பழக்கமும் ஆர்க்கைவ் இருந்தால் குறையும். யாருடைய லேப்டாப்பில் நிறுவனத்தின் எந்த வருடம் கிடக்கிறது என்று தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

தேடல்தான் நீங்கள் தினமும் உணரப்போகும் பலன். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த மெயிலில் வருகிறது என்ற பட்டியலை ஆர்க்கைவ் முன்கூட்டியே தயாரித்து வைக்கிறது, இணைப்புக் கோப்புக்குள் இருப்பதையும் சேர்த்து. கோடிக்கணக்கான மெயில்களில் தேடினாலும் நொடிகளில் பதில் வருவது அதனால்தான். ஒரு மெயிலுக்கு வந்த பதில், அதற்கு வந்த பதில் என்று முழு உரையாடலையும் அடையாள எண்களை வைத்துக் கோத்துக் காட்டும். வாங்கும் முன் தமிழில் சோதித்துப் பாருங்கள். "ஒப்பந்தம்" என்று தேடினால் "ஒப்பந்தத்தில்", "ஒப்பந்தப்படி" எல்லாம் வருகிறதா? விற்க வருபவர் ஆங்கிலத்தில் மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

விற்பவர்கள் சொல்லாத வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பலரும் கோப்பை இணைப்பதில்லை, மேகச் சேமிப்பில் வைத்து லிங்க் அனுப்புகிறார்கள். சாதாரண ஆர்க்கைவில் அந்த லிங்க் மட்டுமே இருக்கும். கோப்பைப் பிறகு யாராவது திருத்தினால், காப்பகத்தில் இருப்பது வெறும் முகவரி. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே திறக்கும்படி முனைக்கு முனை குறியாக்கம் செய்த மெயிலும் அப்படித்தான். சாவி இல்லாவிட்டால் அது பூட்டிய பெட்டி. சேர்த்ததை வெளியே எடுக்கும் வழியையும் முதல் நாளே கேளுங்கள். இஎம்எல் போன்ற பொது வடிவத்தில், நேரமும் தலைப்பு விவரங்களும் கெடாமல் மொத்தமாகத் தராத ஆர்க்கைவில் நீங்கள் வாடிக்கையாளர் இல்லை, கைதி.

எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. தேவைக்கு மேல் தனிநபர் தகவலை வைத்திருக்கக் கூடாது என்று 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஜிடிபிஆர் சட்டமே சொல்கிறது. எந்த வகை மெயில் எத்தனை வருடம் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். தவணை முடிந்ததும் ஆர்க்கைவ் தானாக அழிக்கும், வழக்கு நிலுவையில் இருக்கும் மெயில்களை மட்டும் நிறுத்தி வைக்கும். யார் தேடலாம் என்பதும் உங்கள் முடிவுதான். என் போன்ற ஓர் அட்மின் தனியாக உட்கார்ந்து எல்லோருடைய மெயிலையும் படிக்க முடிகிற ஏற்பாட்டை நானே எதிர்ப்பேன். இருவர் ஒப்புதல் தந்தால்தான் தேடல் திறக்க வேண்டும், தேடியவர் பெயரும் தேடிய சொல்லும் அழிக்க முடியாத பதிவேட்டில் விழ வேண்டும். இதை ஊழியர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயரை எடுங்கள். அவர் கடைசி மாதத்தில் வெளியாட்களுக்கு அனுப்பிய மெயில்களை மாலைக்குள் கொண்டுவரச் சொல்லி உங்கள் ஐடி பிரிவிடம் கேளுங்கள். பேக்கப் எடுக்கிறோமே என்ற பேச்சை, அவர்கள் கொண்டுவருவதைப் பார்த்த பிறகு தொடரலாம்.

இப்படிக்கு,
ஒரு மெயில் சர்வர் நிர்வாகி