ஒரே ஒரு ஞாயிறு கரண்டை நிறுத்துங்கள்: தோட்ட நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய மானேஜர் ஐயாவுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

போன புதன்கிழமை ராத்திரி நடந்தது உங்களுக்குத் தெரியும். இடி இடித்தது, தோட்டத்து சப்ஸ்டேஷனில் பிரேக்கர் விழுந்து கரண்டைத் துண்டித்தது, மறுநாள் மத்தியானம் வரை லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டில் நடந்தது மட்டும் உங்கள் காதுக்கு வந்திருக்காது. அங்கே பாட்டி ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறார். மெஷின் நின்றதும் பேரன் சின்ன சிலிண்டரை மாட்டினான். நான் டார்ச் பிடித்தேன், அவன் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான், முள் சிவப்பைத் தொட்டபோது மணி பதினொன்று. கொட்டுகிற மழையில் செம்மண் சாலையைத் தாண்டி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாட்டி பிழைத்துக்கொண்டார். அந்தப் பையனின் கை நடுங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

நான் 26 வருடம் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாதனங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளனாக, வேலை பார்த்தவன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே தெரிகிறது ஐயா. டிரான்ஸ்பார்மர் காற்றை உள்ளிழுக்கும் பிரீதரில் ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் சிலிக்கா ஜெல் நீலமாக இருக்க வேண்டும், ஈரம் குடித்துவிட்டால் இளஞ்சிவப்பாகிவிடும். நம்முடையது தீபாவளிக்கு முன்பிருந்தே இளஞ்சிவப்புதான். அதாவது காற்றின் ஈரம் தடையில்லாமல் எண்ணெய்க்குள் போகிறது, ஈரமான எண்ணெய் 11,000 வோல்ட்டை எத்தனை நாள் தாங்கும்? அதைவிடப் பெரிய பயம் எனக்கு சப்ஸ்டேஷன் பேட்டரி மேல்தான். பழுதைக் கவனிக்கும் ரிலே அதைக் கண்டுபிடித்தாலும், பிரேக்கரை விழ வைக்க அந்தப் பேட்டரியின் டிசி கரண்ட் வேண்டும். பேட்டரி செத்துக் கிடந்தால் அடுத்த தடவை பிரேக்கர் விழாது, டிரான்ஸ்பார்மரே எரியும்.

ஃபேக்டரி நின்றுவிடும் என்றுதான் சப்ஸ்டேஷன் சர்வீஸ் தள்ளிப்போகிறதாம், ஆபீஸ் கிளார்க் கிராணி சொன்னார். வியாழக்கிழமை காலை ஃபேக்டரியும் நின்றதே, வந்த ரப்பர் பால் தொட்டியிலேயே உறைந்ததே!

ஒழுகுகிற கூரைக்கு மனு, சாலைக்கு மனு, தண்ணீர்த் தொட்டிக்கு மனு, எல்லாவற்றுக்கும் "பார்க்கலாம்" என்ற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. சரி, அதையெல்லாம் இன்னொரு நாள் பேசுவோம். இன்று கேட்பது ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே கரண்டை நிறுத்திவிட்டு, தகுதியுள்ள ஆட்களை வைத்து ஜெல்லை மாற்றுங்கள், எண்ணெய் சாம்பிள் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புங்கள், பேட்டரியையும் ரிலேயையும் சோதியுங்கள், வேலியில் ஏறிய கொடியையும் வெட்டச் சொல்லுங்கள். பகல் முழுக்க கரண்ட் இல்லாமல் இருக்க லயத்தில் எல்லாரும் சம்மதிக்கிறோம்.

தேதியை மட்டும் தயவுசெய்து ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். பாட்டிக்குப் பெரிய சிலிண்டர் எடுத்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
லயத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற சார்ஜ்மேன்