தண்ணீரைக் கொட்ட விடாதே, விஜி

பெரம்பூர்

அன்புள்ள விஜிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே பெரிய நிம்மதி. டாக்டர் சொல்லும்வரை தலைக்குக் குளிக்க விடாதே. இங்கே அம்மாவுக்கு முட்டிவலி, மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

சரி, உன் மகன் வீட்டு நீச்சல் குளத்துக்கு வருகிறேன். தண்ணீர் பால் மாதிரி கலங்கிக் கிடக்கிறது, மொத்தத்தையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து இறைக்க விடாதே. போன கோடையில் மாதவரத்தில் என் பெரியவள் வீட்டிலும் இதே பாடுதான். 15க்கு 10 அடி, நாலடி ஆழம், சின்னக் குளம். அதிலேயே 17,000 லிட்டர் நிற்கிறது. 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரி ஒன்று வந்தாலும் போதாது. பராமரிப்புக்கு வரும் பையன் எட்டிப் பார்த்ததும் "கொட்டிடலாம்மா" என்றான். எனக்கு மனசு கேட்கவே இல்லை. வண்ணாரப்பேட்டையில் தெருக்குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடியவர்கள் நாம். அதெல்லாம் பழைய கதை என்றால், 2019இல் புழல் ஏரி வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து வில்லிவாக்கத்தில் இறங்கியதே, அது நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. கலங்கிய தண்ணீர் கெட்டுப்போன தண்ணீர் இல்லை, விஜி. எதனால் கலங்கியது என்று தெரிந்தால் தெளிய வைத்துவிடலாம்.

பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுத்த பழக்கம், முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை மொண்டு வெயிலில் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை மட்டும்தான், பச்சை இல்லை. சமையலறையிலிருந்து வினிகரை எடுத்து இரண்டு ஸ்பூன் விட்டுக் கலக்கினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே டம்ளர் தெளிந்து, பின்னால் நின்ற பேத்தியின் விரல்கள் தெரிந்தன. அப்படியென்றால் அது சுண்ணாம்பு. போர்த் தண்ணீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்த கால்சியம், அதிகம். அந்தப் பையன் ப்ளீச்சிங் பவுடரை வேறு அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். அதிலும் சுண்ணாம்பு உண்டு, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச்சையும் ஏற்றிவிடும். பிஹெச் 8ஐத் தாண்டினால் கரைந்திருக்கும் கால்சியம் வெள்ளையாகத் திரிந்து நிற்கும். போடுகிற குளோரினும் பாதிக்குமேல் வேலை செய்யாது.

வினிகருக்குத் தெளியாவிட்டால் இன்னொரு டம்ளரை ராத்திரி முழுக்க ஆடாமல் வை. அடியில் படிந்தால் தூசி, மண். பச்சை தட்டினால் பாசி. அதற்குக் குளோரினைக் கூட்ட வேண்டும்.

நாங்கள் முதலில் ஆசிட்டால் பிஹெச்சை 7.2க்கும் 7.6க்கும் நடுவில் இறக்கினோம். ஒரு வாளி தண்ணீரில் கொஞ்சமாக ஆசிட்டை விட்டு, மோட்டார் ஓடும்போது குளத்தைச் சுற்றி ஊற்ற வேண்டும். ஆசிட்டைத்தான் தண்ணீரில் விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை விடக் கூடாது. ப்ளீச்சிங் பவுடர் இருந்த வாளியை ஆசிட்டுக்கு எடுக்கவே கூடாது, விஷ வாயு கிளம்பும். இதை உன் மகனிடம் ரெண்டு தடவை சொல். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் தொட வேண்டாம்.

அப்புறம் ஃபில்டரை இரவு பகல் ஓட விட்டோம். சுத்தமாக இருக்கும்போது காட்டியதைவிட ஃபில்டரின் அழுத்த மீட்டர் முள் எட்டு, பத்து பிஎஸ்ஐ (அழுத்த அளவு) ஏறினால் பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டருக்குள் இருக்கும் மணலைக் கழுவ வேண்டும். அடிக்கடி பேக்வாஷ் செய்தால் மணல் பிடித்து வைத்ததும் போய்விடும், தண்ணீரும் வீண். முக்கால்வாசிக் கலங்கல் இதிலேயே போய்விட்டது.

மிச்சத்துக்குப் படிகாரம். ஆயிரம் லிட்டருக்கு 30 கிராம் என்று அரைக் கிலோவைத் தூளாக்கிக் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் சுற்ற விட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டோம். நம் பாட்டிமார் குடத்தில் தேற்றாங்கொட்டை இழைத்துவிட்டது நினைவிருக்கிறதா? தத்துவம் ஒன்றுதான், நுண்ணிய துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கனமாக்கி இறக்கிவிடும். விடிந்து பார்த்தால் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம், மேலே தெளிந்த தண்ணீர். அந்தப் படலத்தைக் கலக்காமல் குழாய் வைத்து மெதுவாக உறிஞ்சி, ஃபில்டருக்குள் விடாமல் நேராக வெளியே விட வேண்டும். அவசரப்பட்டுத் துடைப்பம் போட்டால் எல்லாம் மறுபடி மேலே வந்துவிடும். படிகாரம் பிஹெச்சைக் கொஞ்சம் இறக்கும், அதனால் மறுநாள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். குளோரின் 1 முதல் 3 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், போதும்.

வெளியே விட்ட தண்ணீரையும் பெரியவள் டிரம்மில் பிடித்து வைத்து வாசல் கழுவினாள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். அடியில் இருக்கும் வடிகால் மூடி மேலே நின்று பார்த்தால் பளிச்சென்று தெரிகிறவரை பேரப்பிள்ளைகளைக் குளத்தில் இறங்க விடாதே. கலங்கிய தண்ணீரில் ஒரு குழந்தை மூழ்கினால் கரையில் நிற்பவர் கண்ணுக்கே தெரியாது. பிள்ளைகள் அழுதால் அழட்டும்.

வினிகர் விட்டதும் டம்ளர் தெளிந்ததா இல்லையா என்று உடனே எழுது. அதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் சாந்தி