கேம்பர் டிரெய்லருக்கும் முன்பாரம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவில் கேம்பர் டிரெய்லரோடு (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், கூடாரத்தை மடித்து வைத்த வண்டி) குடும்பமாக ஊர் சுற்றுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை படித்தேன். கூடாரம் எத்தனை நிமிடத்தில் விரியும், அடுப்பங்கரை எப்படி இழுப்பறைபோல வெளியே வரும் என்றெல்லாம் ஆசை காட்டியது. பாரத்துக்கு மட்டும் ஒரே வரி: காரின் இழுக்கும் திறனுக்குள் இருந்தால் போதுமாம். போதாது.

மாட்டுவண்டி கட்டியவர்களுக்கு இது தெரியும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும்பும். முன்பாரம் கூடினால் கழுத்தை அழுத்தும். கேம்பரிலும் அதே கணக்குதான். கழுத்துக்குப் பதில் காருக்குப் பின்னால் 50 மில்லிமீட்டர் இரும்புப் பந்து. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்தப் பந்தின்மேல் இறங்க வேண்டும். குறைந்தால், நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு பெரிய லாரி கடந்து போனாலே டிரெய்லர் வாலாட்டத் தொடங்கிவிடும். அப்போது காரின் பிரேக்கை மிதிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லரில் எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால் காருக்குள் இருக்கும் அதன் கன்ட்ரோலரின் கைப்பொத்தானால் டிரெய்லரை மட்டும் பிடிக்க வேண்டும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மெத்தையை அல்ல, முன்சட்டத்தில் அடித்திருக்கும் தகட்டை. அதில் டேர் என்பது வெற்று எடை. ஏடிஎம் (பணம் எடுப்பது அல்ல) என்பது பந்தின்மேல் விழுவதையும் சேர்த்து அதிகபட்ச மொத்த எடை. டேர் 1,200, ஏடிஎம் 1,600 என்றால் ஏற்ற முடிந்தது 400 கிலோ. தாராளம்போலத் தோன்றும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. நிரம்பிய 9 கிலோ காஸ் சிலிண்டர் இரண்டு, இரும்போடு சேர்த்து 36. லெட் ஆசிட் பேட்டரி 30. ஃபிரிட்ஜும் அதிலுள்ள சாப்பாடும் 45. பக்கக் கூடாரமும் முளைகளும் 35. இரண்டு கேன் டீசல் 42. கருவிப் பெட்டி 25. இதற்கே 313 போய்விட்டது. நான்கு பேரின் துணிமணி, பாத்திரம், நாற்காலி எல்லாம் மீதி 87 கிலோவுக்குள் அடங்க வேண்டும். வாங்கிய பிறகு மாட்டிய சோலார் பலகையும் ஸ்டாண்டும் தகட்டிலுள்ள டேரில் சேராது. அதுவும் உங்கள் 400-இல்தான் கழியும்.

எங்கே வைக்கிறோம் என்பது இன்னும் முக்கியம். அச்சிலிருந்து பந்து 3.5 மீட்டர் தள்ளி இருக்கிறது, மொத்த எடை 1,500, பந்தின்மேல் 150 என்று கொள்வோம். பின்புறம், அச்சுக்கு 1.75 மீட்டர் தள்ளி, இரண்டு சைக்கிளும் ஸ்டாண்டுமாக 40 கிலோ தொங்கவிட்டால் பந்திலிருந்து 20 கிலோ கழிந்து 130 ஆகும். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு 70 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், 100 லிட்டரும் தீரும்போது இன்னொரு 20 போகும். இப்போது 1,440 கிலோவுக்கு 110. எட்டு சதவீதம்கூட இல்லை. கிளம்பியபோது ஒழுங்காக ஓடிய டிரெய்லர் திரும்பும்போது ஆடுவதற்குப் பல நேரம் காரணம் இதுதான்.

எடைமேடையில் பத்து நிமிட வேலை. காரோடு பூட்டியபடியே டிரெய்லர் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை. பிறகு கழற்றி, முன்பக்கத்தைத் தாங்கும் சிறிய ஜாக்கி சக்கரமும் மேடையில் நிற்கும்படி முழு டிரெய்லருக்கு ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தின் பாரம். காரின் கையேட்டையும் திறந்து பாருங்கள்: 1,500 கிலோ இழுக்கலாம் என்று சொல்லும் சில சிறிய கார்கள், பந்தின்மேல் 80 கிலோவுக்கு மேல் தாங்காது என்றும் சொல்லும். அந்தப் பாரம் காரின் சுமைக் கணக்கிலும் ஏறும்.

பிரேக் பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. பூட்டியபின் டிரெய்லர் அச்சில் விழும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும். டிரெய்லர் அறுந்துகொண்டால் தானே பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும்.

மின்கம்பி விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். கடையில் ‘6 மி.மீ. ஆட்டோ கேபிள்’ என்று விற்பதில் செம்பு சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர்தான்; 6 என்பது மேலுறையையும் சேர்த்த விட்டம். கார் பேட்டரியிலிருந்து டிரெய்லருக்குப் போய்வர 14 மீட்டர், 20 ஆம்பியர் என்றால் வழியிலேயே ஒரு வோல்ட் காணாமல் போகும், பேட்டரி நிரம்பவே நிரம்பாது. ‘6 பி அண்ட் எஸ்’ (செம்பின் தடிமனைச் சொல்லும் அளவு எண்) என்று கேட்டு வாங்கினால் 13.5 சதுர மில்லிமீட்டர், இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் நிற்கும்.

சக்கர பேரிங்குக்கு ஆண்டுக்கொரு முறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை புது கிரீஸ். ஓடிச் சூடேறிய சக்கரத்தை உடனே ஆற்றில் இறக்கினால், உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

புதுக் கித்தானை முதல் பயணத்துக்கு முன்பே விரித்து, இரண்டு மூன்று முறை நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும். நூல் உப்பித் தையல் துளைகளை அடைத்த பிறகுதான் மழை ஒழுகாது. ஈரத்தோடு மடித்தால் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். நனைந்த கித்தான் எடையும் கூடும். மழையில் மடிக்க நேர்ந்தால், வீடு வந்ததும் விரித்துப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அடிலெய்ட்