ராணுவ மருத்துவரின் ஆல்பத்தைப் பிரிக்காதீர்கள்

ஆவணக் காப்பகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பழைய புகைப்படங்களை ஏற்றுக்கொள்ளும் அலுவலர்களுக்கு,

வணக்கம். ராணுவ அறுவை மருத்துவர் ஒருவரின் ஆல்பம் உங்கள் மேசைக்கு வந்ததும் சீருடைப் படங்கள் தனியே எடுக்கப்பட்டுப் படைப்பிரிவுக் கோப்புக்குப் போகின்றன. மனைவியும் குழந்தைகளும் இருக்கும் படங்கள் "அடையாளம் தெரியாதோர்" பெட்டிக்குப் போகின்றன, அல்லது வீட்டுக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

சீருடை பல ஆண்டுகள் மாறாமல் இருக்கும். குழந்தை மாதத்துக்கு மாதம் மாறும். மூத்த பிள்ளையின் பிறந்த தேதி கிடைத்துவிட்டால், தத்தி நிற்கும் வயதில் எடுத்த படத்தின் காலத்தைச் சில மாத இடைவெளிக்குள் சொல்லிவிடலாம். அதே ஸ்டுடியோ முத்திரை, அதே திரைச்சீலை, அதே நாற்காலியோடு தகப்பனார் சீருடையில் நிற்கும் படம் இருந்தால், அதற்கும் ஏறக்குறைய அதே காலம்தான். படங்கள் ஒட்டிய அட்டைகளின் பின்புறத்திலுள்ள ஸ்டுடியோ ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகளின் வயதுப்படி அடுக்கினால் அவர் பணியாற்றிய இடங்களின் வரிசை கிடைக்கும். பணிப் பதிவேட்டோடு அதை ஒப்பிடலாம். இதனால்தான் ஆல்பத்தின் பக்க வரிசையும் ஒரு சான்று என்கிறோம்.

படம் ஒட்டிய அட்டையின் அளவையும் பாருங்கள். சுமார் 6.4 × 10 செ.மீ. அட்டை என்றால் அது 1854-ல் காப்புரிமை பெற்ற கார்ட் த விசித் (பார்வையாளர் அட்டை அளவுள்ள சிறு படம்) வகை. சுமார் 10.8 × 16.5 செ.மீ. என்றால் 1860-களின் நடுவில் வந்த கேபினட் என்னும் பெரிய அட்டைப்பட வகை. அமெரிக்கப் படத்தின் பின்புறம் வரி வில்லை (வரி கட்டியதற்கான சிறு முத்திரைத்தாள்) ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடைப்பட்டது. பிரிட்டிஷ் படத்தில் "சர்ஜன்-கேப்டன்" என்று எழுதியிருந்தால், பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்களுக்கு 1891 முதல் 1898 வரை இருந்த பதவிப் பெயர் அது. ஆனால் குறிப்பைப் பேரப்பிள்ளைகள் பின்னாளில் எழுதியிருக்கலாம். மையையும் கையெழுத்தையும் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

சீருடையின் நிறத்தில் பலரும் தவறுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் புகைப்படத் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளிக்கே வேலை செய்தன. சிவப்புக் காலர் கறுப்பாகவும், நீலம் வெளிறியும் விழும். டாகரோடைப் (வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்தது), டின்டைப் (இரும்புத் தகட்டில் எடுத்தது) படங்கள் வழக்கமாக இடம் வலமாக விழும். பதக்கம் வலது மார்பில் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஒரு படத்தையும் கழற்றுவதற்கு முன் ஆல்பத்தை அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கங்கள் உட்பட, படமெடுங்கள். பிறகு முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), சிறிய படங்களை 1200-ல் ஸ்கேன் செய்து டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கும் பட வடிவம்) கோப்பாக வையுங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். படத்தின் மேற்பூச்சில் உள்ள, ஈரத்தில் இளகிய ஜெலட்டின் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். டாகரோடைப்பின் பரப்பை விரலாலோ துணியாலோ தொடவே கூடாது, படிமம் அழிந்துவிடும். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம். பாலியெஸ்டர் உறை நல்லது. படங்களை வைக்கும் இடத்தின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

முழு ஆல்பத்துக்கும் ஒரே வரவு எண் (காப்பகப் பதிவேட்டில் இடும் எண்) கொடுத்து, அதன் கீழ்ப் பக்க எண்ணும் பட எண்ணும் சேருங்கள். குடும்பப் படங்களுக்கு உங்களிடம் இடமில்லை என்றால் சீருடைப் படங்களையும் வாங்காதீர்கள். முழுவதையும் ஏற்கும் காப்பகத்துக்கு அந்தக் குடும்பத்தை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
பழைய புகைப்படங்களைப் பேணும் பணியில் உள்ளோர்