மதியச் சாப்பாட்டு நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் தலைமையாசிரியை அவர்களுக்கும், வணக்கம்.

மதிய இடைவேளையை 40 நிமிடத்திலிருந்து 20 நிமிடமாகக் குறைத்தபோதே நாங்கள் சிலர் நேரில் வந்து சொன்னோம். "பார்க்கலாம்" என்றீர்கள். போன செவ்வாய்க்கிழமை என் மகளுக்குச் சப்பாத்தித் துண்டு தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஆயாம்மா ஓடி வந்து முதுகில் தட்டியதால் வெளியே வந்தது. அவருக்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அன்று ராத்திரி அவள் கேட்டாள்: "அம்மா, இனிமே மெல்லுற மாதிரி எதுவும் வைக்காதம்மா. குழைச்ச சாதமே வை, அப்படியே முழுங்கிடறேன்." எட்டு வயதுக் குழந்தை. சுண்டலும் கொய்யாத் துண்டும் கேட்டு வாங்கித் தின்றவள். கை கழுவ வரிசையில் நிற்கவே ஐந்தாறு நிமிடம் போய்விடுகிறதாம். உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால் "சீக்கிரம், சீக்கிரம்" என்று குரல் வருகிறதாம். மிச்ச நேரத்தில் ஒரு குழந்தை எதை மெல்ல முடியும்?

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் சோற்றின் மாவுச்சத்தை வாயிலேயே உடைக்கத் தொடங்குகிறது என்று பெரிய வகுப்புகளுக்கு நீங்களே பாடம் நடத்துகிறீர்கள். வயிறு நிறைந்ததை மூளை உணரவே ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அள்ளி விழுங்கும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. சாயங்காலம் என் மகள் வயிறு உப்பி, வலிக்கிறது என்றுதான் வேனிலிருந்து இறங்குகிறாள்.

அந்த 40 நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஆலையில் வேலை பார்க்கும் பெரியவர்களுக்கே, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல், நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. குழந்தைகளுக்கு அதுகூடக் கிடையாதா? போர்ஷன் முடிக்க வேண்டும் என்று விளையாட்டு பீரியடை எடுத்தீர்கள், பொறுத்துக்கொண்டோம். ஓவிய வகுப்பு போனது, அதற்கும் பேசாமல் இருந்தோம். இப்போது சோற்றிலேயே கை வைத்தால் எப்படிப் பொறுப்பது?

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மன்னியுங்கள். எல்லா வகுப்புக்கும் உடனே முடியாது என்றால் ஐந்தாம் வகுப்பு வரைக்குமாவது பழைய 40 நிமிடத்தைக் கொடுங்கள். கை கழுவ இன்னும் இரண்டு குழாய் போடுங்கள். சாப்பிடும் பிள்ளைகளை அவசரப்படுத்த வேண்டாம் என்று ஆசிரியைகளிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். அதுவரை அவள் டப்பாவில் குழைத்த தயிர்சாதம்தான் வைக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா